லிஸ்பனில் முழங்கால் வலியோடு: எங்கே தங்குவது, எப்படி ஏறுவது?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. அடுத்த மாதம் லிஸ்பனில் மூன்று நாள் இருக்கப் போகிறோம். ‘ஏழு குன்றுகளின் நகரம்’ என்று எங்கோ படித்ததிலிருந்து அம்மா தயங்குகிறார். பழைய பகுதியான அல்ஃபாமாவில் அறை எடுக்கலாம் என்று நினைத்தோம். சரிவருமா?

பதில்: அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் அல்ஃபாமாவில் தங்க வேண்டாம், பைஷாவில் அறை பாருங்கள். லிஃப்ட் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் மரப்படிகள் மட்டுமே இருக்கும்.

ஏன் பைஷா என்றால், லிஸ்பனில் சமதளம் எங்கே, ஏற்றம் எங்கே என்பதற்கும் அந்த ஊரின் வரலாற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டேகஸ் ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் நகரம் இருக்கிறது. கரையிலிருந்தே குன்றுகள் எழும்புகின்றன. கிழக்கே கோட்டைக் குன்று, அதன் சரிவில் அல்ஃபாமா. மேற்கே ஷியாடுவும் பைரோ ஆல்டோவும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்குதான் பைஷா.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். தேவாலயங்கள் நிரம்பியிருந்த காலை நேரத்தில் பூமி அதிர்ந்தது. சிறிது நேரத்தில் ஆற்று வழியாகச் சுனாமி ஏறி வந்தது. மெழுகுவத்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றோரத்து அரண்மனை, அதன் நூலகம், பள்ளத்தாக்கில் இருந்த நெருக்கமான பழைய ஊர் எல்லாம் போயின. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்ட அமைச்சர் பழைய தெருக்களை அப்படியே மீட்காமல், நேர்கோட்டுத் தெருக்களோடு பைஷாவைப் புதிதாகக் கட்ட வைத்தார். தங்க வேலைக்காரர், வெள்ளி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று தொழில்வாரியாகத் தெருக்களுக்குப் பெயர் வைத்தார்கள். அங்குள்ள சுவர்களுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைக் கோத்து ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள். நிலம் ஆடும்போது கட்டடமும் கொஞ்சம் வளைந்துகொடுக்கட்டும் என்பதற்காக. மாதிரிக் கட்டமைப்பைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவைத்துச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கென்றே இவ்வளவு பெரிய அளவில் திட்டமிட்டுக் கட்டிய நகரப் பகுதிகளில் ஐரோப்பாவில் இதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று. ருவா அகுஸ்தா தெருவில் நடக்கும்போது கடைகளை மட்டும் பார்க்காமல், ஒரே அளவில் வரிசையாக நிற்கும் ஜன்னல்களையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். அந்தத் தெரு வளைவு வாயிலைத் தாண்டி ஆற்றோரச் சதுக்கத்தில் முடிகிறது. அழிந்த அரண்மனை நின்ற இடம் அதுதான். இந்த நடை முழுக்கச் சமதளம்.

அல்ஃபாமாவோ அந்த நிலநடுக்கத்திலும் பெருமளவு தப்பியது. மூர்கள் (வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட முஸ்லிம்கள்) காலத்துச் சந்துகள் அதனால்தான் இன்றும் அப்படியே வளைந்து, படிகளாக ஏறுகின்றன. பார்க்க வேண்டிய இடம், ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் இடம் இல்லை.

மேலே எப்படிப் போவது? கோட்டைக்குப் பைஷாவிலிருந்தே இலவச லிஃப்ட்கள் இருக்கின்றன. ருவா தோஸ் ஃபங்கேய்ரோஸ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் முதல் லிஃப்ட். ஏறி வெளியே வந்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் நடந்தால், ஒரு சூப்பர் மார்க்கெட் கட்டடத்தில் இரண்டாவது. அது கோட்டையின் அடிவாரத்தில் விடும். அதற்குப் பிறகும் சிறிது ஏற்றம் உண்டு. அதுவும் முடியாது என்றால் 737 பேருந்தோ டாக்ஸியோ பிடியுங்கள். 1147-இல் போர்ச்சுகலின் முதல் அரசர் அஃபோன்சு என்றிக்கஸ் மூர்களிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இது. மதில்மேல் ஏறாவிட்டாலும் முன்முற்றத்திலிருந்தே ஆறும் ஊரும் தெரியும். இறங்கும்போது அல்ஃபாமா வழியாக நடக்க ஆசைப்படாதீர்கள். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை.

ஷியாடுவுக்கு இன்னும் சுலபம். பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தின் கீழ்வாசலில் நுழைந்து, நகரும் படிக்கட்டுகளில் மாறி மாறி ஏறினால் குன்றின் மேல் வெளிவரலாம். டிக்கெட் வேண்டாம். அங்கிருந்து சில நிமிட நடையில் கார்மோ மடம். 1755-இல் இடிந்த கூரையை மறுபடி போடவே இல்லை. கல் வளைவுகள் வெறும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. லிஸ்பனில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வாசலில் உள்ள சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, காவல்படைத் தலைமையகத்தில் தஞ்சம் புகுந்திருந்த பிரதமர் கைத்தானோ சரணடைந்தார். பல பத்தாண்டு சர்வாதிகாரம் அத்தோடு முடிந்தது.

மஞ்சள் நிறக் கேபிள் ரயில்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பரில் குளோரியா பாதையில் நடந்த கோர விபத்துக்குப் பிறகு அவை நிறுத்தப்பட்டன. போகும் சமயத்தில் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சொல்லும் 28-ஆம் எண் டிராமும் அம்மாவுக்கு வேண்டாம். படி உயரம், கூட்டம், போதாக்குறைக்குப் பிக்பாக்கெட் தொல்லை.

ஒரு நாளை முழுக்கப் பெலேமுக்கு வையுங்கள். ஆற்றோரமாக மேற்கே 15-ஆம் எண் டிராம் போகிறது, வழியெல்லாம் சமதளம். 16-ஆம் நூற்றாண்டு ஜெரோனிமோஸ் மடாலயம் நிலநடுக்கத்தில் பெரிய சேதமில்லாமல் தப்பியது. அதைக் கட்டியதில் பெரும்பங்கு ஆசிய, ஆப்பிரிக்க வணிகத்தின் மீதான வரிப்பணம். தேவாலயத்தில் நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-இல் கொச்சியில் இறந்தவர் அவர். தமிழில் அச்சான முதல் நூலும் 1554-இல் இதே லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில், வெளிவந்தது. பெலேம் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே குறுகிய சுழற்படிதான்.

மூன்றாம் நாள் காய்ஸ் தோ சொத்ரே படகுத்துறையிலிருந்து எதிர்க்கரை கசில்யாஸுக்குப் படகில் போய் வாருங்கள். பத்து நிமிடப் பயணம். குன்று, பள்ளம், குன்று என்று ஊரின் அமைப்பு முழுவதும் உட்கார்ந்தபடியே தெரியும்.

திங்கட்கிழமை மடாலயம் மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளை வகுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நடைபாதைகளில் பதித்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக்கற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன, மழை பட்டால் வழுக்கும். அம்மாவுக்குப் பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூ வாங்கி, கிளம்பும் முன்பே சில நாள் போட்டு நடக்கச் சொல்லுங்கள்.