வீரவநல்லூர் வீட்டை ஒழித்துக் கொடுக்க: மொத்தமாக ஏற்றுவதா, பிரித்து எடுப்பதா?

அன்புள்ள தம்பிக்கு,

டொராண்டோவுக்கு வந்து ஓராண்டு முடிவதற்குள் வீரவநல்லூர் வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட வேண்டிய நிலை வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அப்பா காலமான பிறகு தனியாக இருக்கும் அம்மா பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். உங்களுக்கு விடுமுறை மூன்றே வாரம். இந்த நிலையில் பழைய சாமான் எடுப்பவரை வரவழைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா, அல்லது உடனிருந்து பிரித்து அடுக்கித் தர யாரையாவது வைத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டை இப்படித்தான் வெளிநாட்டிலிருந்து வந்து ஒழித்துக் கொடுத்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டும் வேண்டும், ஆனால் பிரிக்கும் வேலை முழுவதும் முடிந்த பிறகே வண்டி வாசலுக்கு வர வேண்டும்.

கனடாவில் நீங்கள் பார்க்கும் வழக்கத்தை மனதில் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். 1989-இல் வான்கூவரில் ஒரு பழைய லாரியோடு தொடங்கப்பட்ட 1-800-காட்-ஜங்க் போன்ற நிறுவனங்கள், உங்கள் சாமான் லாரியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து உங்களிடம் பணம் வாங்குகின்றன. தூக்குவதும் கொண்டுபோய்க் கொட்டுவதும் அந்தக் கட்டணத்திலேயே அடங்கும். நம் ஊரில் நிலைமை நேர் எதிர்: வருபவர் உங்களுக்குப் பணம் தருகிறார். ஆகவே அவர் கண் பித்தளை, செம்பு, இரும்பு, தேக்கு ஆகியவற்றின் மீதுதான் இருக்கும். பிரிக்காத வீட்டைக் காட்டினால் எல்லாவற்றுக்குமாக ஒரு தொகையைச் சொல்லி, விலைபோகிறதை மட்டும் ஏற்றிக்கொண்டு, கிழிந்த இலவம்பஞ்சு மெத்தையையும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் வீட்டின் முன்பகுதியான தார்சாவிலேயே விட்டுப் போய்விடுவார். அவர்மீது குற்றமில்லை, அது அவர் தொழில். எது போகலாம் எது போகக்கூடாது என்று முடிவு செய்து வைப்பது நம் பொறுப்பு.

கனடாவில் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டை ஒழுங்குபடுத்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் நீங்கள் கம்பெனி தேட வேண்டியதில்லை. அம்மாவின் மனம் அறிந்த, ஆனால் பொருளில் பங்கு கேட்காத ஒருவர் போதும்; அந்த வீட்டில் நெடுநாள் வேலை பார்த்த அக்காவோ, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரோ பொருத்தமாக இருப்பார்கள். வேலைக்கு வருபவருக்கு நாள்கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள். பழகியவர்தானே என்று சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது. அம்மாவைப் பட்டாசலில், அதாவது கூடத்தில், நாற்காலியில் உட்காரவைத்து, பரணில் இருப்பதை ஒவ்வொன்றாக இறக்கி அவர்கள் முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டும். வேண்டும், வேண்டாம், இன்னாருக்கு என்ற மூன்று பதிலில் ஒன்றை அம்மாதான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லக் கூடாது. இது மெதுவாகத்தான் நடக்கும். மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள்.

முதல் நாள் காகிதங்களை எடுங்கள். டிரங்குப் பெட்டி, பீரோ லாக்கர் மட்டுமல்ல, மஞ்சள் பைகளையும் பழைய பஞ்சாங்கக் கட்டுகளையும் அப்பாவின் டைரிகளையும் ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். மூலப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, எல்.ஐ.சி. பாலிசி எல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கும். பழைய பேப்பரோடு மூலப் பத்திரம் எடைக்குப் போய்விட்டால், பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது போலீசில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, நாளிதழில் அறிவிப்புப் போட்டு அலைய நேரிடும். கம்பெனிப் பங்குப் பத்திரம் கிடைத்தால் செல்லாக் காகிதம் என்று எண்ணிவிடாதீர்கள். 2019 ஏப்ரல் முதல் காகித வடிவில் பங்குகளைக் கைமாற்றி விற்க முடியாது என்பது உண்மை. ஆனால் வாரிசாக அம்மாவின் பெயருக்கு மாற்றி, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

அடுத்தது பாத்திரங்கள். மனத்தாங்கல் வருவது இங்கேதான் என்பதால் அவசரப்படாதீர்கள். புளி போட்டுத் தேய்த்த பிறகு அண்டாவின் விளிம்பையும் குடத்தின் கழுத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பெயர் தெரியும். கொடுத்தவர் பெயரின் முதலெழுத்து, ஊர், சில சமயம் கல்யாண வருடம்கூட அதில் இருக்கும். ஆச்சி சீராகக் கொண்டுவந்தது எது, அத்தை கல்யாணத்துக்கு வாங்கி இங்கேயே தங்கிவிட்டது எது என்று அந்த எழுத்தே சொல்லிவிடும். அத்தை பெயர் உள்ள தூக்குவாளியை அத்தைக்கே கேட்டுக் கொடுத்துவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். உடன்பிறந்தவர்களை ஒரு மாலை வீடியோ அழைப்பில் சேர்த்து, வரிசையாக அடுக்கிய பாத்திரங்களைக் காட்டி, வேண்டியதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் மிஞ்சியதற்குத்தான் வண்டி. அப்போதும் செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றையும் தனித்தனிக் குவியலாக வைத்து, உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பித்தளைக் கணக்கில் சேர்த்துவிடுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு ஒருவரை வரச்சொல்வது நல்லது. தேக்கு அலமாரியையும் பழைய கதவையும் விறகுக் கணக்கில் போகவிடாமல் பழைய மரச்சாமான் வாங்குபவரிடம் காட்டுங்கள். ஏட்டுச்சுவடி ஏதேனும் கிடைத்தால் சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைக் கேளுங்கள். பழைய பேட்டரி, குழல்விளக்கு, காலாவதியான மாத்திரை ஆகியவற்றைக் குப்பையோடு கலக்காமல் தனியே கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். பிளாஸ்டிக்கைப் புறவாசலில் கொளுத்த யாரையும் விடாதீர்கள்.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற அம்மா பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் முற்றத்தில் எதையும் பரப்பிவைக்க முடியாது. தையிலோ மாசியிலோ விடுமுறை கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

டொராண்டோவுக்குக் கொண்டுவர எண்ணும் பொருள்களில் பூட்டன் காலத்துக் குத்துவிளக்கோ செப்புச் சிலையோ இருந்தால் பெட்டியில் வைக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களையும் 75 ஆண்டுக்குக் குறையாத மதிப்புள்ள சுவடிகளையும் தனியார் நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. வயது சந்தேகமாக இருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும். அதற்கு நாளாகும் என்பதால் அந்தப் பொருளை இந்த முறை அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.