முன்னால் சொன்னவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் மார்மன்கள். அவர்களில் ஒருவர் எனக்கு நெருங்கிய நண்பர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித், மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் ஊரில் இந்தத் தலைமுறையிலேயே ஆலயம் எழும்பும் என்று கடவுள் சொன்னதாக 1832-இல் அறிவித்தார். அந்தத் தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆலயம் எழவில்லை. இதை நண்பரிடம் சொன்னேன். "தீர்க்கதரிசியாகச் செயல்படும்போது மட்டும்தான் ஒருவர் தீர்க்கதரிசி" என்றார். பலித்தால் தீர்க்கதரிசி, பொய்த்தால் சாதாரண மனிதர் என்பது தப்பிக்கும் வழிதானே? பொய்த்துப்போன வாக்கு கர்த்தர் சொன்னது அல்ல என்று பைபிளின் உபாகமம் 18ஆம் அதிகாரம் சொல்வதைக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு படித்தவர் இதையெல்லாம் எப்படி நம்புகிறார்? மார்மன் புத்தகத்தின் மூலம் என்று ஜோசப் சொன்ன தங்கத் தகடுகள், பலதார மணம் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச காலமாக ஜேன் மானிங் ஜேம்ஸ் என்ற பெண்மணியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நண்பரின் சபைக்காரர், 1908-இல் சால்ட் லேக் சிட்டியில் காலமானவர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவரிடம் போவதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

நண்பரின் முகம் வாடியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகும் அடுத்த வரியிலேயே "இவ்வளவு படித்தவர்" என்று கேட்க எப்படி மனம் வந்தது? உபாகமத்தைத் தேடிப் படித்த நீங்கள் எரேமியா 28ஆம் அதிகாரத்தையும் படித்திருக்கலாம். இரண்டே வருடத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி எல்லோர் முன்பாகவும் அறிவிக்கிறான். எரேமியா முதலில் சொல்வது, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்பதைத்தான். பாபிலோனுக்கு அடிபணிவதன் அடையாளமாகத் தன் கழுத்தில் மாட்டியிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும் பேசாமல் தன் வழியே போகிறார். கண்டிப்பான பதில் அப்புறம்தான் வருகிறது. அந்தப் பொறுமையில் கொஞ்சமாவது உங்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன எதுவும் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. மார்மன்கள் இதையெல்லாம் தங்களுக்குள்ளேயே நூற்றித் தொண்ணூறு வருடமாகப் பேசிவருகிறார்கள். 1830-இல் மார்மன் புத்தகத்தின் பதிப்புரிமையை விற்க கனடாவின் கிங்ஸ்டனுக்குப் போகும்படி ஜோசப்புக்குக் கடவுளின் வாக்காக ஒரு வெளிப்பாடு வந்தது. ஆலிவர் கௌடரியும் ஹைரம் பேஜும் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். இதை 1887-இல் அச்சில் வெளியிட்டவர் டேவிட் விட்மர், தங்கத் தகடுகளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூவரில் ஒருவர். சில வெளிப்பாடுகள் கடவுளிடமிருந்தும் சில மனிதரிடமிருந்தும் சில பிசாசிடமிருந்தும் வருகின்றன என்று ஜோசப்பே அப்போது விளக்கியதாக அவர் எழுதினார். சபையை விட்டுப் பிரிந்த பிறகும் அவர் தகடுகளைப் பற்றிய தன் சாட்சியை மறுக்கவில்லை. அந்தக் கனடா வெளிப்பாட்டின் மூலப் பிரதியை 2009-இல் சபையே அச்சிட்டது. படித்தால், மக்கள் மனதைக் கடினப்படுத்தாவிட்டால் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது.

இண்டிபெண்டன்ஸ் ஆலயத்துக்கும் அவர்களிடம் பதில் உண்டு. பகைவர்கள் தடுத்தால் அந்தக் கட்டளையைக் கடவுள் திரும்பக் கேட்பதில்லை என்று 1841-இல் வந்த வெளிப்பாடு சொல்கிறது. பைபிளில் யோனா நினிவேக்கு நாற்பது நாள் கெடு சொன்னதும் பலிக்கவில்லையே என்பார்கள். பதிலுக்கு, தென் கரோலினாவில் போர் தொடங்கும் என்று 1832 டிசம்பர் 25-இல் ஜோசப் சொன்னதையும், 1861-இல் அங்கேதான் உள்நாட்டுப் போர் வெடித்ததையும் காட்டுவார்கள். வரிச் சட்டத்தை எதிர்த்து அந்த மாநிலம் அப்போதே கொந்தளித்துக்கொண்டிருந்தது, யாரும் ஊகித்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். இப்படி ஆளுக்கொரு பட்டியலோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

நீங்கள் "தப்பிக்கும் வழி" என்று தள்ளிய வாக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 1843 பிப்ரவரியில், தீர்க்கதரிசி எப்போதும் தீர்க்கதரிசிதான் என்று நினைத்து வந்திருந்த இருவரிடம் ஜோசப் அப்படிச் சொன்னதாக அவருடைய நாட்குறிப்பில் இருக்கிறது. பல்லாயிரம் பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் பேசுவதெல்லாம் கடவுளின் பேச்சு கிடையாது என்று ஒரு தலைவர் தானாக முன்வந்து சொல்வது லேசான காரியமா? வேறு எத்தனை தலைவர்கள் அதைச் சொல்லியிருக்கிறார்கள்?

சரி, எந்த நேரம் தீர்க்கதரிசியின் நேரம், எந்த நேரம் மனிதனின் நேரம் என்று யார் முடிவு செய்வது? இதை நீங்கள் நண்பரிடம் கேட்டிருந்தால் பேச்சு உருப்பட்டிருக்கும்.

சபை பிறந்த 1830-ஆம் ஆண்டிலேயே இதற்கு இரண்டு பதில்கள் வந்துவிட்டன. ஜூலையில் வந்த வெளிப்பாடு, சபையில் எல்லாமே பொதுச் சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்றது. செப்டம்பரில் ஹைரம் பேஜ் தன்னிடமுள்ள தரிசனக் கல் வழியாகத் தனக்கும் வெளிப்பாடுகள் வருவதாகச் சொன்னார். கௌடரி உட்படப் பலர் நம்பினார்கள். உடனே இன்னொரு வெளிப்பாடு வந்தது. சபை முழுவதற்குமான கட்டளைகளைப் பெற ஜோசப் ஒருவருக்கே அதிகாரம் என்றது. கல் வைத்திருப்பவர்கள் எல்லாம் கட்டளை போட்டால் எந்தச் சபையும் நிற்காது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். 1844-இல் கார்த்தேஜ் சிறையில் ஜோசப் கொல்லப்பட்டதும் என்ன நடந்தது என்று பாருங்கள். தலைமை தனக்கே என்று சிட்னி ரிக்டன் ஒரு பக்கம், பிரிகாம் யங் ஒரு பக்கம், நியமனக் கடிதம் இருக்கிறது என்று ஜேம்ஸ் ஸ்டிராங் ஒரு பக்கம். ஸ்டிராங் தானும் தகடுகளைத் தோண்டி எடுத்தார். பேசுவதற்கு ஒரு வாய் போதும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மற்றவர்கள் எதற்குச் சம்மதம் தெரிவிக்கிறார்கள்? சம்மதம் என்று ஒன்று இருந்தால் மறுப்பு என்று ஒன்றும் இருந்தாக வேண்டும்.

இனி ஜேன். கனெடிகட் மாநிலத்தில் பிறந்த, அடிமையாக இல்லாத கறுப்பினப் பெண். மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்று, 1843-இல் குடும்பத்தோடு ஜோசப்பைத் தேடி, அப்போது மார்மன்கள் குடியிருந்த நாவூ நகருக்குக் கிளம்பினார். பஃபலோவில் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 800 மைல் நடந்தார்கள். செருப்புத் தேய்ந்து பாதம் வெடித்து, மண்ணில் பதிந்த காலடி முழுக்க ரத்தமாகத் தெரிந்தது என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். ஜோசப்பின் வீட்டில் தங்கி வேலை செய்தார். 1847-இல் யூட்டாவுக்கு வந்து சேர்ந்தார்.

1852-இல் அன்றைய தலைவர் பிரிகாம் யங், கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், கிடையாது என்று அறிவித்தார். கறுப்பினப் பெண்களும் ஆலயத்தின் உயர்ந்த சடங்குகளுக்கு வர முடியாமல் போனது. ஜேன் விடவில்லை. வயதான காலத்தில் தலைவர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். 1884-இல் அன்றைய தலைவர் ஜான் டெய்லருக்கு அனுப்பிய கடிதத்தில், எனக்கென்று ஆசீர்வாதம் எதுவும் இல்லையா என்று கேட்டார். பத்து வருடம் கழித்து ஒரு சடங்கு செய்தார்கள். நித்தியத்துக்கும் ஜோசப் ஸ்மித்தின் வேலைக்காரியாக அவரை இணைக்கும் சடங்கு. அதற்குக்கூட அவரை ஆலயத்துக்குள் விடவில்லை, அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருக்குப் பதில் சொன்னவர்கள் கெட்டவர்கள் கிடையாது. தங்களுக்கு முன்னால் இருந்த தீர்க்கதரிசி வகுத்ததை மீற முடியாது என்று மனதார நம்பினார்கள். ஆனால் எலைஜா ஏபல் என்ற கறுப்பினத்தவர் ஜோசப் காலத்தில், 1836-இலேயே, ஆசாரியத்துவம் பெற்றவர். ஜேன் அந்தக் கடிதத்தை அனுப்பிய அதே 1884-இல்தான், ஊழியப் பயணத்திலிருந்து திரும்பி அவர் காலமானார். அவரையும் மறந்தார்கள். 1947-இல் லோரி நெல்சன் என்ற மார்மன் சமூகவியலாளர் இந்தத் தடை சரியா என்று தலைமைக்கு எழுதினார். ஜோசப் காலம் முதலே இதுதான் கோட்பாடு, எந்தத் தலைவரும் இதைக் கேள்வி கேட்டதில்லை என்று பதில் வந்தது. 1973-இல் லெஸ்டர் புஷ் என்ற மார்மன் மருத்துவர் ஆவணங்களைத் தேடி எடுத்து, தடை ஜோசப்பிடமிருந்து வந்ததற்குச் சான்று இல்லை என்று நீண்ட கட்டுரை எழுதினார். கானாவில் 1964 முதல் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன், தன்னைச் சபையில் சேர்க்காதவர்களின் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே சபைகளை உருவாக்கி, சபைத் தலைமையகமான சால்ட் லேக்கிலிருந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார். நைஜீரியாவில் ஆன்டனி ஒபின்னாவும் அப்படித்தான்.

இப்போது 1977 அக்டோபர் பொது மாநாடு. வருடத்துக்கு இரண்டு முறை, தலைமையில் இருப்பவர்களைத் தீர்க்கதரிசிகளாக, ஞானதிருஷ்டிக்காரர்களாக, வெளிப்படுத்துபவர்களாக ஏற்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்பார்கள். எதிர்ப்பவர் உண்டா என்றும் கேட்பார்கள். அன்று பைரன் மார்ச்சன்ட் என்பவர் அந்த இரண்டாவது கேள்விக்கு, இனத் தடையின் காரணமாக, எதிர்ப்பைத் தெரிவித்தார். அதே மாதம் அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். எட்டே மாதத்தில், 1978 ஜூன் 1-ஆம் தேதி, அன்றைய தலைவர் ஸ்பென்சர் கிம்பல் தடையை நீக்கும் வெளிப்பாட்டைப் பெற்றார்.

இந்த எட்டு மாதத்தை நான் விட மாட்டேன். 1976-இல் டக்ளஸ் வாலஸ் என்பவர் தலைமையைக் கேட்காமல் ஒரு கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் கொடுத்ததால் நீக்கப்பட்டார். அது ஒழுங்கை மீறிய செயல், ஹைரம் பேஜின் கதையோடு சேர்க்கலாம். மார்ச்சன்ட் எந்தக் கல்லையும் எடுத்து வரவில்லை, யாருக்கும் அபிஷேகம் செய்யவில்லை. சபை கேட்ட கேள்விக்கு, சபை கேட்ட இடத்தில் பதில் சொன்னார். 1978-இல் கடவுள் சொன்னது சரி என்றால் 1977-இல் அவர் மனதில் பேசியது யார்? வெளிப்பாடு வந்த அதே வருடம் ஆகஸ்டில் அப்போஸ்தலர் புரூஸ் மெக்கான்கி, நானும் பிரிகாம் யங்கும் மற்றவர்களும் இதைப் பற்றி முன்பு சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், குறைந்த வெளிச்சத்தில் பேசினோம் என்றார். அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் குறைந்த வெளிச்சத்தில் பேசியவர்களின் நாற்காலி அப்படியே இருந்தது. வெளிச்சம் பார்த்தவர் வெளியே நின்றார். தடைக்குச் சொல்லப்பட்டுவந்த விளக்கங்களைச் சபையே கைவிடுவதாக எழுதியது 2013-இல்.

தலைவர் மக்களை வழிதவற நடத்தக் கடவுள் விட மாட்டார் என்று 1890-இல் பலதார மணத்தைக் கைவிட்டபோது அன்றைய தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் சொன்னார். அன்று மக்கள் கலங்கிப்போயிருந்தார்கள், அவர்களைத் தேற்ற அது தேவைப்பட்டிருக்கலாம். அப்புறம் அதுவே சட்டம் மாதிரி ஆகிவிட்டது. 1945-இல் சபைப் பத்திரிகை ஒன்று, தலைவர்கள் பேசிவிட்டால் யோசித்து முடித்தாகிவிட்டது என்று எழுதியது. வேறு சபையைச் சேர்ந்த ஒரு போதகர் வருத்தப்பட்டுக் கேட்டபோது, அது எங்கள் நிலை கிடையாது, ஒவ்வொருவரும் தன் ஆத்துமாவுக்குத் தானே பொறுப்பு என்று அன்றைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் பதில் எழுதினார். அருமையான கடிதம். தனிக் கடிதமாக எழுதினார், பத்திரிகையில் திருத்தம் போடவில்லை.

ஒரே பாலின இணையரின் வீட்டில் வாழும் குழந்தைகளுக்கு 18 வயதுவரை ஞானஸ்நானம் கிடையாது என்று 2015 நவம்பரில் விதி வந்தது. இரண்டு மாதத்தில், அப்போது அப்போஸ்தலராக இருந்த ரஸ்ஸல் நெல்சன் அதை வெளிப்பாடு என்றார். 2019 ஏப்ரலில் விதி நீக்கப்பட்டது, அதுவும் வெளிப்பாடு என்றே சொல்லப்பட்டது. நடுவில் மனம் கேட்காமல் வெளியேறியவர்கள் உண்டு, உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். அதே 2015 ஏப்ரல் மாநாட்டில் சிலர் எழுந்து "எதிர்க்கிறோம்" என்று குரல் கொடுத்தார்கள். எதிர்ப்பு குறிக்கப்பட்டது, உங்கள் வட்டாரத் தலைவரைப் போய்ப் பாருங்கள் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அந்த அறைகளில் என்ன பேசுகிறார்கள், அது சால்ட் லேக் வரை போகிறதா என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள். இண்டிபெண்டன்ஸ் மனையைப் பற்றி அவர் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருப்பார். இதற்கு அவரிடம் என்ன பதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நானும் ஆவலாக இருக்கிறேன்.

தங்கத் தகடுகளையும் பலதார மணத்தையும் பற்றி இன்னொரு சமயம் எழுதலாம்.