எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது தமிழ் வானொலிக்கும் நாளிதழுக்கும் இனி என்ன வேலை?

பாட்டு எல்லாம் செயலியில் இருக்கிறது, செய்தி எல்லாம் யூடியூபில் இருக்கிறது, பிறகு வானொலியும் நாளிதழும் எதற்கு, இந்த நிலையில் மகளை இதழியல் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் பிறந்து ஈசூனில் வளர்ந்தவள், ஐம்பதைத் தாண்டிவிட்டேன். எங்கள் ஊரை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் இணையத்துக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். பாட்டுக்குப் பஞ்சமாக இருந்த காலத்தைப் பார்த்தவள் நான். 1980களில் எங்களுக்குப் பாட்டு என்றால் சிராங்கூன் சாலைக் கேசட் கடைதான். ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, தேக்காவில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு, கடைசியாக அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார். மாதம் ஒரு கேசட்தான். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். பிடித்த படத்துக்காக வாங்குவோம்; திருப்பிப் போட வேறு கேசட் இல்லாததால் அடுத்த படமும் ஒரே மாதத்தில் மனப்பாடமாகிவிடும். உள்ளே மடித்து வைத்திருக்கும் அட்டையில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரெல்லாம் இருக்கும். தம்பி தமிழ் எழுத்துக் கூட்டப் பழகியதே அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் என்று அம்மா இன்றும் சொல்வார்.

ஸ்பாட்டிஃபை 2013இல் இங்கே வந்தது. யூடியூப் அதற்கும் முன்பே வந்துவிட்டது. செம்பவாங் கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்ந்த அப்பா, கடைசி இரண்டு வருடம் படுக்கையில்தான் இருந்தார். ஒரு வரியை முணுமுணுப்பார், நான் தேடிப் போடுவேன். அவர் ஊரை விட்டு வருவதற்கு முன் டூரிங் டாக்கீஸில் கேட்ட பாட்டுகூட அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். அந்த இரண்டு வருடம் அவர் முகத்தில் பார்த்த மலர்ச்சிக்கு இணையத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் கிடைக்கவில்லை. அது சினிமாப் பாட்டு இல்லை. கால்டிகாட் குன்றிலிருந்து சிங்கப்பூர் வானொலி ஒலிபரப்பாகிவந்த நாட்களில், 1960களில், உள்ளூர்ப் பாடகர் ஒருவர் பாடிய மெல்லிசைப் பாட்டாம். அப்பாவுக்கு இரண்டு அடிதான் நினைவிருந்தது. பாடியவர் பெயர் நாக்கு நுனி வரை வரும், போய்விடும். மூன்று நாள் தேடினேன். கடல் கடந்து சென்னையில் பதிவான பாட்டு அறுபது வருடம் கழித்தும் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் பாடிய பாட்டு எங்கேயும் இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் தொடங்குகிறது. செயலிக்கு நாம் தமிழர் என்று தெரிகிறது. எந்த ஊர்த் தமிழர் என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

தம்பியின் கதையைக் கேளுங்கள். அவன் பகலில் தளவாட நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறான். இரவிலும் சனி ஞாயிறிலும் கீபோர்டு. கல்யாணங்களில் வாசித்துச் சேர்த்த பணத்தில் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டான். வரிகள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதியது, இங்கே ஒரு மூவறை வீட்டில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பதிவு செய்தது. செயலியில் ஏற்றிய அன்று வீட்டில் எல்லாருக்கும் கேசரி கொடுத்தான். ஒரு வருடத்தில் அந்தப் பாட்டு எழுநூற்றுச் சொச்சம் முறை கேட்கப்பட்டிருந்தது. ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடியாவது ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையைத் தொடாத பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பங்குத்தொகை கிடையாது. தொட்டிருந்தாலும் சில வெள்ளிதான் தேறும். ஒவ்வொரு நாட்டிலும் சேரும் பணத்தை, அங்கே மொத்தத்தில் யார் எவ்வளவு கேட்கப்பட்டார்கள் என்ற விகிதப்படி பிரிக்கிறார்கள். சென்னையிலிருந்து நடிகர் முகத்தோடு வருகிற பாட்டும் தம்பி பாட்டும் ஒரே குவியலில்தான் கிடக்கின்றன.

பணத்தை விட அவனை வருத்தியது வேறு. அவன் பாட்டைக் கேட்டவர்களில் பாதிப் பேர் கனடாவிலும் பிரான்சிலும் இருந்தார்கள். அதில் அவனுக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடியில் இருக்கிற, தினமும் தமிழ்ப் பாட்டு கேட்கிற அக்காவுக்கு இவன் பாட்டுப் போட்டதே தெரியாது. அவர் கைப்பேசி அவருக்கு அதைக் காட்டவேயில்லை.

பிறகு எங்கள் தமிழ் வானொலியான ‘ஒலி’யில் ஒரு மாலை அந்தப் பாட்டு ஒலித்தது. அறிவிப்பாளர் எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொன்னார். அடுத்த நாள் மின்தூக்கியில் அந்த அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டார்: “ஏம்பா, நேத்து ஒலியில போட்டாங்களே, அது நீயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” அவன் மேலே வந்து சொன்னபோது அவனுக்குக் குரல் கம்மியது. கனடாவின் கணக்கு அவனை அப்படி ஒருநாளும் கலங்கவைத்ததில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. இவ்வளவு சிறிய கூட்டத்துக்குள் ஒரு பாட்டு பரவ வேண்டுமானால், ஒருவர் பொறுக்கி எடுத்து எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் போட வேண்டும். எஸ். ஜேசுதாசன் 1960களில் இயற்றிய ‘முன்னேறு வாலிபா’ இன்றைக்குச் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் பாடுகிற பாட்டு. பள்ளிக்கூடமும் தேசிய தினமும் சேர்ந்து அதை வாயில் போட்டு வளர்த்தன. செயலியின் பரிந்துரையை நம்பியிருந்தால் அது நடந்திருக்காது.

செய்தியிலும் இதே கதைதான், ஆனால் இங்கே விளைவு கடுமையானது. தமிழில் செய்தி தேடினால் என் கைப்பேசி எனக்குத் தமிழ்நாட்டு அரசியலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. எங்கள் தொகுதியில் எந்தப் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறார்கள் என்பது அதில் வராது. 2020 ஏப்ரலில் ‘சர்க்கிட் பிரேக்கர்’ என்ற கொரோனா முடக்கம் தொடங்கிய நாட்கள் நினைவிருக்கிறது. வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தொற்று பரவியது. அங்கே தங்கியிருந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். மன்னார்குடியிலிருந்து சித்தி அழைத்து அழுதார். “அங்க பிள்ளைங்கள கும்பல் கும்பலா பறிகொடுத்துட்டாங்களாமே, வாட்ஸ்அப்புல ஒருத்தர் பேசியிருக்காரு.” பேசியவர் யார், எந்த ஊர் என்று எதுவும் இல்லை. நான் எங்கள் ஊர் நாளிதழான தமிழ் முரசின் அன்றைய தாளை எடுத்து, தொற்றியோர் எத்தனை, மருத்துவமனையில் எத்தனை என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். படித்து முடிக்கும் வரை அவர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதன் பிறகு தினமும் அந்த நேரத்துக்கு அழைப்பார்.

தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1935இல் தொடங்கிய தாள் முரசு. கோ. சாரங்கபாணி ஆசிரியர். வார இதழாக, ஒரு காசு விலையில் வந்தது. 1950களில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்குப் பக்கம் ஒதுக்கியதால், பின்னாளில் இங்கே எழுத்தாளரான பலருக்கு முதல் எழுத்து அச்சில் வந்தது அங்கேதான். அம்மா இன்னமும் காலையில் முதலில் பார்ப்பது மரண அறிவிப்பைத்தான். யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த வேலைக்கு இணைய விளம்பரம் சோறு போடாது. ஆங்கிலத் தாள்களே இங்கே தாக்குப்பிடிக்கவில்லை. ‘டுடே’ 2017இல் அச்சை நிறுத்தியது, ‘தி நியூ பேப்பர்’ 2021இல் நிறுத்தியது. முரசை வெளியிடும் எஸ்பிஎச் மீடியாவுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளி வரை தருவதாக அரசாங்கம் 2022இல் அறிவித்தது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் தாள் அரசாங்கத்தைக் கேள்வி கேட்குமா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள், அந்தக் கேள்வி ஓயவும் கூடாது. ஆனாலும் என் வரிப்பணத்தில் கொஞ்சம் தமிழ்ச் செய்திக்குப் போவதில் எனக்குச் சம்மதம். சந்தையிடம் விட்டால், எங்கள் எண்ணிக்கைக்கு ஒரு நிருபரைக்கூட யாரும் வைக்க மாட்டார்கள்.

வானொலியானாலும் தாளானாலும் தமிழ் ஊடகங்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. கோடம்பாக்கத்து நடிகர் விவாகரத்தை நீங்களும் ஏன் போடுகிறீர்கள்? அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த இடத்தில் ஈசூன் சமூக மன்றத்தில் முதன்முதலாக மேடையேறிய பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதினால், அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. ‘கிளிக்’ குறையும் என்பார்கள். குறையட்டும். கிளிக் கணக்கில் சென்னையோடு போட்டி போட்டு எங்களால் ஒருநாளும் ஜெயிக்க முடியாது.

உங்கள் மகள் இதழியல் படிக்கட்டும். இருக்கிற ஊரிலேயே தொடங்கலாம். தெருவில் பாடுகிறவர் யார், யாரிடம் கற்றார், எந்தக் கோயில் திருவிழாவில் பாடினார், பழைய கேசட் யார் வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்பா போன பிறகு நான் அதைத்தான் செய்கிறேன். தேசிய நூலக வாரியம் பழைய தமிழ் முரசு இதழ்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. ஓய்வு கிடைக்கும் இரவுகளில் 1960களின் பக்கங்களைப் புரட்டி, வானொலியில் பாடியவர்கள் பெயர் எங்காவது வருகிறதா என்று பார்க்கிறேன். அப்பா முணுமுணுத்த அந்த இரண்டு அடி என் கைப்பேசியில் பதிவாகி இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அந்த நாளைய சிங்கப்பூர் வானொலி கேட்ட பெரியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன். பாடியவர் பெயர் தெரிந்தால் போதும்.