கோணேசபுரிக் கம்பஸா, சாம்பல்தீவுக் காணியா?

வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, என் மூத்த மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. கோணேசபுரியில் இருக்கும் திருகோணமலை வளாகத்துக்கு, வணிக முகாமைத்துவம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். நாங்கள் அலஸ்தோட்டம். வீட்டிலிருந்தே நிலாவெளி பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் கொழும்பில் இருக்கும் அவளுடைய சித்தப்பா, “ஊர்க் கம்பஸில் படித்து என்ன வேலை கிடைக்கும்? நாலு வருடம் என்று சொல்லி ஆறு வருடம் இழுத்துவிடும்” என்கிறார். அங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகப் பட்டம் மூன்று வருடத்தில் முடியுமாம், கட்டணம் 18 இலட்சம். சாம்பல்தீவில் மகளுக்கென்று ஒரு காணித்துண்டு வைத்திருக்கிறோம். அதை விற்றால் கட்டலாம். கணவர் ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம். சின்னவன் தரம் 10. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு தாய், அலஸ்தோட்டம்

பதில்: தங்கச்சி, காணியை விற்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் நீங்கள் தரகரிடம் ஏற்கனவே பேசிவிட்டீர்களோ என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நம்முடைய பக்கத்தில் காணியும் வீடும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். அப்படிப் பார்த்தால் விற்கப் போவது உங்கள் காணியை அல்ல, அவளுடையதை.

சரி, கணக்குக்கு வருவோம். நான் இருபத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள், எழுதிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன். நீங்களும் ஒரு கொப்பித் தாளில் இரண்டு பக்கமாகக் கோடு போடுங்கள்.

இடது பக்கம் கம்பஸ். படிப்புக் கட்டணம் இல்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு நாளைக்கு 600 ரூபா வையுங்கள். மாதம் 22 நாள் என்றால் 13,200. போட்டோகொப்பி, டேட்டா, அப்புறம் பிள்ளைகள் சேர்ந்து செய்யும் சின்னச் சின்னச் செலவு, 6,000. மகாபொல என்ற அரச புலமைப்பரிசில் கிடைத்தால் அதிலிருந்து கழியும். அந்தத் தொகை நீண்ட காலம் 5,000 ஆக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்ந்தது. ஆக உங்கள் கையிலிருந்து மாதம் 11,700. நாலு வருடத்தில் விடுமுறை போக 40 மாதம் என்றால் 4 இலட்சத்து 68 ஆயிரம். ஒரு லப்டொப் 2 இலட்சம். மொத்தம் ஏழு இலட்சத்துக்குள். மகாபொல கிடைக்காவிட்டால் பத்து இலட்சத்துக்குக் கிட்ட வரும்.

வலது பக்கம் கொழும்பு. 18 இலட்சம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை எங்கே தங்கப் போகிறாள்? சித்தப்பா வீட்டில் என்றால் நல்லது, ஆனால் உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. போர்டிங், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 என்றால் 36 மாதத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். லப்டொப் அங்கேயும் வேண்டும். 34 இலட்சம் தாண்டுகிறது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் கட்டணம் முழுவதும் ரூபாவிலா, இல்லை ஒரு பகுதி பவுணிலா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த நேரம் பவுணில் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். இரண்டாம் வருடத்தோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

சித்தப்பா சொன்னதில் ஒன்று உண்மை. அரச பல்கலைக்கழகத்தில் நாம் கொடுக்கும் விலை காசு அல்ல, காலம். 2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையே 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. அப்புறம் பெறுபேறு, அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, பதிவு என்று காத்திருப்பு. உள்ளே போன பிறகும் வேலைநிறுத்தம் வரும். 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தத்தால் நாடு முழுவதும் பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கின. நான் படித்தது தொண்ணூறுகளில், வேறு மாவட்டத்தில், சண்டைக் காலம். என்னுடைய நாலு வருடப் படிப்பு ஐந்தரை வருடம் ஆனது. வீட்டில் அம்மா நாட்காட்டித் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே இதை நான் இலேசாகச் சொல்லவில்லை.

அந்தக் காலத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்ப்போம். கொழும்பில் படித்தால் இரண்டு வருடம் முந்தி வேலைக்குப் போகிறாள், மாதம் 60,000 சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதத்துக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசமோ 27 இலட்சம். அந்த இரண்டு வருடச் சம்பளத்தில் ஒரு சதமும் செலவழிக்காமல் தந்தால்கூட இன்னும் 13 இலட்சம் துண்டு விழுகிறது. கம்பஸ் ஆறு வருடம் இழுத்தாலும் இந்தத் துண்டு மூடாது.

இனி வேலைக்கு வருவோம். “ஊர்க் கம்பஸுக்கு மதிப்பில்லை” என்பதை நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நான் வேலை செய்த கொம்பனியில் கடைசி ஒன்பது வருடம் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நேர்முகத்தில் நானும் இருந்தேன். வருகிறவர்களுக்கு ஒரு மாத வங்கிக் கூற்றையும் காசேட்டையும் கொடுத்து, இரண்டு மீதியும் ஏன் ஒத்துவரவில்லை என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஒரு வருடம் நல்ல பெறுபேற்றோடு தனியார் பட்டம் எடுத்த ஒரு பிள்ளை வந்தார். கல்குலேட்டரை எடுத்து மேலிருந்து கீழே எல்லாவற்றையும் திரும்பக் கூட்டத் தொடங்கினார். அடுத்ததாக மூதூர்ப் பிள்ளை ஒன்று, கோணேசபுரியில் படித்தவள். பென்சிலை எடுக்கவே இல்லை. தாள்களைப் பார்த்துவிட்டு, “மெடம், போன மாதத்து இணக்கக் கூற்று இருக்கா?” என்றாள்.

வங்கி மீதியும் காசேட்டு மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று மாதாமாதம் எழுதும் கூற்று அது. கணக்கு வேலை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும். போன மாதம் எழுதிக் கொடுத்த காசோலை இந்த மாதம்தான் வங்கிக்குப் போயிருக்கும். பழைய கூற்று இல்லாமல் அதைப் பிடிக்கவே முடியாது. நான் வேண்டுமென்றே அதை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். பிறகு கேட்டபோது, அப்பாவின் நெல்லுக்கடைக் கணக்கைத் தரம் 11இலிருந்து தானே பார்ப்பதாகச் சொன்னாள்.

முதல் வந்த பிள்ளையையும் எடுத்தோம், அதையும் சொல்ல வேண்டும். கொழும்புத் தலைமையகத்தோடு தொலைபேசியில் ஆங்கிலத்தில் அவர் பேசிய அழகு, எங்கள் பிரிவில் யாருக்கும் வராது. மூதூர்ப் பிள்ளைக்குத் தொலைபேசி அடித்தால் கை நடுங்கும். அது மாற ஒன்றரை வருடம் எடுத்தது. ஊர்க் கம்பஸில் நிஜமாகவே உள்ள குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டிலிருந்து போய் வீட்டுக்கே திரும்பி வரும் பிள்ளை பஸ்ஸிலும் தமிழ், கன்டீனிலும் தமிழ் என்று நாலு வருடத்தை முடித்துவிடலாம். பாடக் குறிப்பு ஆங்கிலத்தில் இருப்பது வேறு, வாய் திறந்து ஆங்கிலம் பேசுவது வேறு.

ஆகவே மிஞ்சிய காசில் ஒரு சின்னப் பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். முதல் வருடத்திலிருந்தே பேச்சு ஆங்கிலத்துக்கு ஒரு நல்ல வகுப்பு. இரண்டாவது, ஏ.ஏ.டி. அல்லது சீ.ஏ. என்ற கணக்கியல் தொழில்சார் பரீட்சையைப் பட்டத்தோடு சமாந்தரமாகத் தொடங்கட்டும். வேலைநிறுத்தம் வந்து கம்பஸ் மூடினால் அந்த மாதங்கள் வீணாகாமல் ஒரு தாள் முடிந்துவிடும். நான் பார்த்த சீவிகளில் பட்டத்தோடு இப்படி ஒரு தொழில்சார் தகைமை பாதியாவது முடித்தவர்களை முதல் கட்டிலேயே எடுத்து வைப்போம், எந்தக் கம்பஸ் என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான். மூன்றாவது சிங்களம். கோணேசபுரிக்குத் தென்பகுதிப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களோடு ஒரே குழுவில் செயற்றிட்டம் செய்தால் காசில்லாமலே ஒரு மொழி வந்துவிடும். திருகோணமலையில் வங்கியோ துறைமுகமோ ஹோட்டலோ மாவட்டக் கச்சேரி அலுவலகமோ, மூன்று மொழியும் பேசும் ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அரச வேலை பற்றியும் ஒரு வார்த்தை. ஆசிரியர் சேவை, நிர்வாக சேவைப் பரீட்சை, பட்டதாரி நியமனம் எதுவென்றாலும் அரச பல்கலைக்கழகப் பட்டத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்கு, அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம் கேட்பார்கள். சித்தப்பா சொல்லும் நிறுவனத்திடம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் வருகிறது என்று எழுத்தில் வாங்கி, ஆணைக்குழுவிடம் நேரடியாகவே விசாரியுங்கள். விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல் வந்த இலவசக் கல்வி இது. இனாமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை மலிவு என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் எப்படி வந்ததோ தெரியவில்லை, எனக்கு மனம் வலிக்கிறது. உங்கள் மகளுக்குக் கிடைத்த அந்த இடத்துக்கு எத்தனை பிள்ளைகள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, நாலு பக்கக் கடிதத்தில் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை, தங்கச்சி. இந்தத் தாளை அவளிடம் கொடுத்து, இரண்டு பக்கக் கணக்கையும் அவளையே போடச் சொல்லுங்கள். அதற்குள் பதிவுத் திகதி தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெடம், நான் கணிதப் பிரிவில் இரண்டு தடவை எழுதி மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சத்தில் விடுபட்டது. மூன்றாம் தடவை எழுதவா, வேறு ஏதாவது படிக்கவா? வாப்பா மீன்பிடி, தனியாருக்குக் கட்ட வசதி இல்லை.
— ஒரு மாணவன், கிண்ணியா

பதில்: தம்பி, முதலில் உங்கள் இசட் புள்ளியை எமது மாவட்ட வெட்டுப்புள்ளியோடு வைத்துப் பாருங்கள், கொழும்போடு அல்ல. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ப, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. பொறியியலுக்கு விடுபட்ட புள்ளி வேறொரு விஞ்ஞானப் பாடநெறிக்குப் போதுமானதாக இருக்கலாம். விண்ணப்பத்தில் எத்தனை தெரிவு நிரப்பினீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு மூன்றோடு நிறுத்திவிட்டு இடம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மூன்றாம் தடவை எழுதலாம், ஆனால் அதை மட்டுமே செய்துகொண்டு ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டாம். நகரில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் இருக்கிறது, அங்கே முழுநேர எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. கணக்கிலும் கணினியிலும் கை இருந்தால் தகவல் தொழில்நுட்பம் பொருந்தும். கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் தொழில்நுட்பக் கல்லூரி வழியாக என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுங்கள். அதில் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம், நாலாம் மட்டத்தோடே வேலைக்கும் போகலாம். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர்களிடம் நல்ல ஏசி மெக்கானிக் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், தேடி அலைகிறார்கள்.

அப்படியும் பட்டம்தான் வேண்டும், அரச பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்றால், தனியார் நிறுவனத்தில் பட்டம் படிக்க அரசு 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். மூன்று பாடம் சித்தி என்பது உங்களிடம் இருக்கிறது. படிப்பு முடிந்த பிறகுதான் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் கடன் கடன்தான். அந்தக் கடன் திட்டப் பட்டியலில் உள்ள பாடநெறியில் படித்து முடித்தவர் இரண்டு பேரையாவது தேடிப் பிடித்து, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: பகிடிவதைக்குப் பயந்து மகளுக்குக் கிடைத்த பல்கலைக்கழக இடத்தை விடலாமா என்று யோசிக்கிறோம்.
— ஒரு தந்தை, தம்பலகாமம்

பதில்: விட வேண்டாம் ஐயா. உங்கள் பயம் நியாயமானது, அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் பேசுங்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம், சிறைத் தண்டனை உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நேரடியாக முறையிடலாம். அந்த முகவரியையும் வளாகத்து மாணவ ஆலோசகரின் இலக்கத்தையும் முதல் நாளே அவளுடைய போனில் பதிந்து கொடுங்கள். முதல் இரண்டு மாதம் தினமும் இரவு ஒரே நேரத்தில் அழைத்துப் பேசுங்கள். குரல் மாறினால் அப்பாவுக்குத் தெரியாமல் போகாது. தெரிந்த அன்றே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.