விளம்பரத் தொல்லைக்கு ஃபார்மட் மருந்தல்ல

கேள்வி: வீடியோ பார்க்க இலவச பிளேயர் ஒன்றை லேப்டாப்பில் இறக்கினேன். அன்றிலிருந்து குரோமைத் திறந்தால் பெயர் தெரியாத தேடுதளம் வருகிறது. திரையின் மூலையில் ‘5 வைரஸ் உள்ளது’ என்று எச்சரிக்கை வேறு. எஸ்.பி. ரோடு கடையொன்றில் ஃபார்மட் செய்ய 1500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. இது ஆட்வேர், அதாவது கேட்காமல் நுழைந்து விளம்பரம் காட்டும் மென்பொருள். பிளேயரை நிறுவும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டியிருப்பீர்கள். அதில் ஒரு பக்கத்தில் சின்ன எழுத்தில், ஏற்கெனவே டிக் போட்ட பெட்டி இருந்திருக்கும். அதன் வழியாக வந்ததுதான்.

செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பட்டியலைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். பிளேயர் வந்த அதே நாளில் வேறு என்னென்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கேட்காமல் வந்ததையெல்லாம் நீக்குங்கள், அந்த பிளேயரையும் சேர்த்து. அப்புறம் குரோமில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்களை) எடுத்துவிட்டு, ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுங்கள். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது, பயப்பட வேண்டாம். மிச்சம் மீதி இருந்தால் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வேர் நீக்கும் கருவியான ஆட்வ்கிளீனர் பிடித்துவிடும். அது இலவசம், அவர்கள் தளத்திலிருந்தே எடுங்கள்.

மூலையில் வரும் எச்சரிக்கை மட்டும் பெரும்பாலும் வேறு கதை. ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா’ என்று கேட்டு, நீங்கள் ‘அலவ்’ அழுத்தியிருப்பீர்கள். அப்படியானால் அந்த எச்சரிக்கைக்காகக் கணினியில் எதுவும் நிறுவப்படவில்லை. எந்த வைரஸ் ஸ்கேனரும் அதைக் காட்டாமல் போகலாம். ‘ஸ்கேன் சுத்தம், ஆனாலும் வருகிறதே’ என்று பலர் குழம்புவது இங்கேதான். குரோமில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கினால் அந்த நிமிடமே நின்றுவிடும்.

ஐந்து நிமிட வேலைக்கு ஃபார்மட் என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குடும்பப் படங்கள் போய்விடும். மேலும், ஃபார்மட் செய்த கையோடு பென்டிரைவிலிருந்து கிராக் (பூட்டை உடைத்த திருட்டு) மென்பொருள்களைப் போட்டுத் தருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். போன தொல்லை மறுபடி உள்ளே வர அதுவே போதும். போலி டவுன்லோடு தளங்களைத் தேடுபொறிக்காரர்கள் விளம்பரமாகத் தேடல் முடிவின் உச்சியில் நிற்க விடுகிறார்களே, அதை யார் கேட்பது? விஎல்சி வீடியோ பிளேயர் வேண்டுமென்றால் அதை உருவாக்கும் வீடியோலேன் தளத்துக்கே போங்கள், முழுக்க இலவசம்.

எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் அழைக்கவே அழைக்காதீர்கள். ‘எனிடெஸ்க் போடுங்கள், சரிசெய்கிறோம்’ என்பார்கள்; அது உங்கள் கணினியை வேறொருவர் தூரத்திலிருந்தே இயக்க விடும் மென்பொருள். ஏற்கெனவே அழைத்துப் பணம் போயிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.