பள்ளியில் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தால் கிறிஸ்தவப் பிள்ளை பொறுத்துக்கொண்டுதான் போக வேண்டுமா?

படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு, படிக்கும் மகளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பொறுத்துப் போ என்பதா, எதிர்த்து நில் என்பதா, வேதம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விக்கு என் சொந்த மகனிடம் 7 மாதம் தவறான பதில் சொன்னவள் நான். அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை. இறையியல் படித்தவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையில் 11 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஆயர் ஈத்தாமில், அடுக்குமாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கெக் லோக் சி கோயில் தெரியும். மலாய் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆயர் என்றால் தண்ணீர், ஈத்தாம் என்றால் கறுப்பு. என் மகன் நல்ல கறுப்பு, என்னைப் போல. 2018 ஜனவரியில், தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு முடித்து, டவுன் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தான். இரண்டாவது வாரம் யாரோ, "உன் வீடு எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவன் பெயர் அதுவாகிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பெயர் பஸ்ஸின் நெற்றியிலேயே எழுதியிருக்கும். பள்ளி விட்டதும் நிறுத்தத்தில் நிற்கும் பையன்கள் பலகையைச் சத்தமாக வாசிப்பார்கள். "ஆயர் ஈத்தாம் வருகிறது, ஆயர் ஈத்தாம் ஏறப்போகிறது" என்பார்கள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சில வாரங்களில் என் மகன் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டான். நடந்து வந்தான். அந்த மதிய வெயிலில், புத்தகப் பையோடு, ஒரு மணி நேரத்துக்கு மேல். வீட்டில் கேட்டால் பஸ் வரவில்லை என்பான். நானும் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே சோறு போட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. பஜ்ஜி போடலாம் என்று டின்னைத் திறந்தால் கடலை மாவு அடிமட்டத்தில் கிடக்கும். இரண்டு முறை புதிதாக வாங்கி நிரப்பினேன். வீட்டில் எலி என்றுகூட நினைத்தேன். 13 வயதுப் பையன், எல்லாரும் தூங்கிய பிறகு, அதைக் குழைத்து முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் பூசிக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறான். குளியலறைத் தரையில் வாளிக்குப் பின்னால் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்ததை ஒருநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அவன் என்னிடம் சொல்லாமல் இல்லை. பிப்ரவரியிலேயே ஒருமுறை சொன்னான்: "அம்மா, ஸ்கூலில் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்." நான் அடுத்த வார ஞாயிறு பள்ளிப் பாடம் தயார் செய்துகொண்டிருந்தேன். தலையைக்கூடத் தூக்காமல், "பதில் பேசாதே தம்பி. மறு கன்னத்தைக் காட்டு என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார் இல்லையா? ஜெபம் பண்ணு" என்றேன். அவன் கீழ்ப்படிகிற பிள்ளை. அப்படியே செய்தான்.

செப்டம்பரில் பையைத் துவைக்க எடுத்தேன். கறுப்புப் பை. மூடியின் உள்பக்கம் கறுப்பு மார்க்கரால் பட்டையாகத் தீட்டியிருந்தது. விரலால் தடவினால் அடியில் ஏதோ தடிப்பாக இருந்தது. யாரோ வெள்ளைத் திருத்த மையால் எழுதியிருக்கிறார்கள். சுரண்டினால் பை கிழியும் என்று பயந்து, தெரியாமல் இருக்க இவன் கறுப்பைத் தீட்டியிருக்கிறான். என்ன எழுத்து என்று என் விரலுக்குப் பிடிபடவில்லை. அன்று இரவுதான் என்ன பெயர், யார் வைத்தது என்பதெல்லாம் அவனிடமிருந்து தெரிந்தது. 4 பேர். நால்வருமே தமிழ்ப் பையன்கள். அதில் ஒருவன் என் ஞாயிறு பள்ளி வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவன்.

எனக்குப் பேச்சு வரவில்லை. என் மகன் கோபமே இல்லாமல் ஒன்று கேட்டான்: "எனக்கு மறு கன்ன வசனம் சொன்னீர்கள். அவனுக்கு என்ன வசனம் சொன்னீர்கள், அம்மா?"

அந்த இரவு மத்தேயு 5ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். மறு கன்னம் 39ஆம் வசனம். அதற்கு 17 வசனம் முன்னால், 22இல் என்ன இருக்கிறது? தன் சகோதரனை வீணனென்று சொல்லுகிறவன் ஆலோசனைச் சங்கத் தீர்ப்புக்கு ஏதுவாயிருப்பான், மூடனே என்று சொல்லுகிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாயிருப்பான் என்று இருக்கிறது. பெயர் சொல்லி இழிவுபடுத்துவதை ஆண்டவர் கொலையைப் பற்றிய பேச்சுக்கு நடுவில் வைத்துப் பேசுகிறார். ஒரே மலைப் பிரசங்கம். 39ஐ அடிபட்டவனுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கிறோம். 22ஐ அடிக்கிறவனுக்கு நாம் வாசித்தே காட்டுவதில்லை. 11 ஆண்டில் நான் ஒருமுறைகூட அதை மனப்பாட வசனமாகக் கொடுத்ததில்லை.

"சும்மா பெயர்தானே" என்கிறவர்கள் ஆதியாகமம் 37ஐப் பாருங்கள். யோசேப்பு தூரத்தில் வரும்போதே, "இதோ, சொப்பனக்காரன் வருகிறான்" என்கிறார்கள் அண்ணன்மார். அடுத்த வசனத்திலேயே கொன்று குழியில் போடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். முதலில் பெயர், பிறகுதான் குழி.

அப்படியானால் மறு கன்னம் வேண்டாமா, கர்த்தருடைய வார்த்தையையே மாற்றுகிறாயா என்று சிலர் எனக்கு எழுதுவார்கள். தெரியும். நான் மாற்றவில்லை. யோவான் 18ஐப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று அடித்தவனையே கேட்கிறார். மறு கன்னம் என்றால் என்னவென்று அவரைவிட நமக்கு அதிகம் தெரியுமா? அடி வாங்கியவர் ஓடாமல், கூனாமல், கை ஓங்காமல், அவன் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார். என் மகனுக்கு நான் சொன்னது அதுவா? தலையைக் குனிந்துகொண்டு நடந்து வீட்டுக்கு வா என்றல்லவா சொல்லியிருந்தேன்.

பிறகு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மத்தேயு 18இல் வரிசை இருக்கிறது: முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒருவர் இருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். என் மகன் கண்ணாடி முன் நின்று, "என் பெயர் உனக்குத் தெரியும். ஏன் அப்படிக் கூப்பிடுகிறாய்?" என்று சொல்லிப் பழகினான். மூன்று நாள் பழகினான். முதல் நாள் குரலே வரவில்லை. நான்காம் நாள் பஸ் நிறுத்தத்தில் கேட்டான். இருவர் பேசாமல் விலகிவிட்டார்கள். மற்ற இருவர் இன்னும் உரக்கக் கத்தினார்கள். அடுத்ததாக, எல்லாவற்றையும் பார்த்திருந்த ஒரு சீன வகுப்புத் தோழன் சாட்சிக்கு வந்தான். அந்தப் பிள்ளையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதன் பிறகுதான் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனோம்.

அவர், "ஊர்ப் பெயர்தானே அம்மா, இதில் என்ன இருக்கிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிட் ஸ்திரீட்டில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1801இல் தொடங்கியது, இந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவர் பெயரில் மரியாதையோடு நிற்கிறது. கெலிங் என்பது கலிங்கம் என்பதிலிருந்து வந்த சொல் என்பார்கள். அதே சொல்லை என் பள்ளி நாள்களில் என் முதுகுக்குப் பின்னால் கல்லாக எறிந்தார்கள். அகராதியைத் திறந்து பார்த்து அந்த வலியை அளக்க முடியுமா? இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு 4 பெற்றோரையும் கூப்பிட்டார். அவருக்கு இன்றும் நன்றி உள்ளவளாக இருக்கிறேன்.

ஞாயிறு பள்ளிப் பையனின் வீட்டுக்கு மட்டும், பள்ளியிலிருந்து கடிதம் போவதற்கு முன்பே, நான் நேரில் போனேன். அவன் அம்மா, "அக்கா, விளையாட்டுக்குச் சொன்னதற்கு வீடு தேடி வர வேண்டுமா?" என்றார். அப்போது அவன் அறையிலிருந்து வந்தான். கொஞ்சம் பருமனான பிள்ளை. "டேய் தடிமாடே, ஆன்ட்டி என்ன சொல்கிறார் கேள்" என்றார். அவன் முகம் ஒரு கணம் எப்படி ஆனது என்று பார்த்தேன். என் மகன் பஸ் நிறுத்தத்தில் எப்படி நின்றிருப்பான் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மகன் பிறந்த அன்று மருத்துவமனையில் துணியை விலக்கிப் பார்த்த என் சொந்தக்காரர்கள், "பையன் நிறம் கொஞ்சம் குறைவுதான்" என்றபோது நானும் சேர்ந்து சிரித்தேன். கல்யாண வீட்டில், ஆலய வாசலில், கறுத்துப்போய்விட்டாயே, இளைத்துப்போய்விட்டாயே என்பதைத் தவிர நமக்கு வேறு நலம் விசாரிப்பே தெரியவில்லை. அந்த 4 பையன்களும் இதை எங்கிருந்து கற்றார்கள் என்று வெளியே தேடவே வேண்டாம்.

இதோடு சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. அந்த ஆண்டு அவன் தமிழ் வகுப்பையும் இழந்தான். இடைநிலைப்பள்ளியில் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். கையெழுத்துப் போட்டது 11 பேர். மற்றவர்கள் டியூஷன் நேரத்தோடு மோதுகிறது, படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மதிப்பெண் குறையும் என்றார்கள். இன்று என் ஞாயிறு பள்ளியில் 14 வயதுப் பிள்ளைகள் தமிழ் வேதாகமத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்கள். அந்த 22ஆம் வசனத்தை நான் கொடுத்தாலும் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்? நம் பெற்றோர்மேல் எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். ஆசிரியரிடமோ போலீசிடமோ போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்போஸ்தலர் 22இல் பவுல், தன்னைச் சவுக்கால் அடிக்கக் கட்டுகிறபோது, ரோமனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று சட்டத்தை எடுத்துக் கேட்டார். நம் மலேசியாவிலும் 2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கென்றே, அதாவது ஒருவரைச் சீண்டித் துன்புறுத்துவதற்கென்றே, 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் நடப்பில் இருக்கின்றன. ஒரு படிவம் 1 பிள்ளையை நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளி கண்டுகொள்ளாவிட்டால் இது வெறும் விளையாட்டு என்று யாரும் உங்கள் வாயை அடைக்க முடியாது. உங்கள் மகள் சாப்பிடாமல், தூங்காமல், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பதுபோல ஒரு சொல் சொன்னாலும் அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஜெபத்தையும் விடாதீர்கள். நான் விடவில்லை.

மன்னிப்பைப் பற்றி நான் பேசவே இல்லையே என்பீர்கள். என் மகன் மன்னித்தானா என்று நான் அவனைக் கேட்டதில்லை. அது அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. முதுகில் அடி விழுந்துகொண்டிருக்கும்போதே மன்னித்துவிட்டாயா என்று பிள்ளையைக் கேட்பது எனக்கு இப்போது பாவமாகத் தெரிகிறது. அந்தப் பையனின் அம்மா 2 ஆண்டு என்னோடு பேசவில்லை, திருவிருந்துக்குப் போகும்போதுகூட முகம் திருப்பிக்கொண்டார். பையன் மட்டும் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. அவனுக்கு நான் வேறு பெயர் எதுவும் வைக்கவில்லை, அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். கறுப்புப் பட்டை தீட்டிய அந்தப் பையைத் தூக்கிப் போட என் மகன் விடவில்லை. படிவம் 3 வரை அதைத்தான் கொண்டு போனான், பஸ்ஸில்.

கடைசியாக ஒன்று. இவ்வளவு நீளமாகக் கேட்ட நீங்கள், உங்கள் மகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதவில்லை. ஒருவேளை உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். நான் 7 மாதம் அதைக் கேட்கவே இல்லை. இன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாயால் சொல்ல வெட்கப்பட்டால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். என் மகன் எழுதித்தான் காட்டினான், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால், நான் வாசித்து முடித்ததும் அழித்துவிட ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு.