சுவரில் ஐந்து வயர், புதுப் பெட்டியில் எட்டு எழுத்து

வீட்டு நுட்பம்: வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில் ஹீட் பம்ப்பும் (கோடையில் குளிரூட்டி, குளிர்காலத்தில் சூடேற்றும் யூனிட்) தெர்மோஸ்டாட்டும் (அதை இயக்கும் சுவர்ப் பெட்டி)

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லாமே மின்சாரம்தான். வெளியே ஹீட் பம்ப், பரணில் ஏர் ஹேண்ட்லர் (வீட்டுக்குள் காற்றைத் தள்ளும் பெட்டி). பழைய பேட்டரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வைஃபை தெர்மோஸ்டாட் மாட்ட நினைக்கிறேன். பழையதில் ‘ஆர்’, ‘ஒய்’, ‘ஜி’, ‘ஓ’, ‘டபிள்யூ2’ என்று ஐந்து வயர்கள்தான் இருக்கின்றன. புதியது ‘சி’ கேட்கிறது. நானே செய்யலாமா?
– வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: செய்யலாம். அந்த மெல்லிய வயர்களில் ஓடுவது 24 வோல்ட். ஆளுக்கு ஆபத்தில்லை, கருவிக்குத்தான் ஆபத்து. ‘ஆர்’ வயர் ‘சி’யில் ஒரு நொடி உரசினாலும் ஏர் ஹேண்ட்லர் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் இல்லாத பழைய யூனிட் என்றால் டிரான்ஸ்ஃபார்மரே கருகும். எனவே முதல் வேலை பிரேக்கரை அணைப்பது. ஏர் ஹேண்ட்லருக்கு ஒன்று, வெளி யூனிட்டுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு பிரேக்கர் இருக்கும், இரண்டையும் அணையுங்கள். ஏர் ஹேண்ட்லர் மூடியைத் திறந்தால் உள்ளே 240 வோல்ட் முனைகளும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே மின்சாரம் இல்லை என்பதை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை நுழைய வேண்டும்.

தெர்மோஸ்டாட் என்பது சில சுவிட்சுகளின் தொகுப்பு, அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ‘ஆர்’ வழியாக மின்சாரம் வருகிறது. தெர்மோஸ்டாட் அதை ‘ஒய்’க்குக் கொடுத்தால் கம்ப்ரஸர் ஓடும், ‘ஜி’க்குக் கொடுத்தால் உள் விசிறி ஓடும், ‘ஓ’வுக்குக் கொடுத்தால் ரிவர்சிங் வால்வு (சூடா, குளிரா என்று மாற்றும் வால்வு) திரும்பும், ‘டபிள்யூ2’வுக்குக் கொடுத்தால் துணை ஹீட்டர் கம்பிச்சுருள் பழுக்கக் காயும். இவை எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்குத் திரும்பும் பாதைதான் ‘சி’. பழைய தெர்மோஸ்டாட் பேட்டரியில் பிழைத்ததால் அந்தப் பாதை அதற்குத் தேவைப்படவில்லை. வைஃபைக்கு இடைவிடாமல் மின்சாரம் வேண்டும், அதனால் கேட்கிறது.

புது வயர் இழுப்பதற்கு முன், சுவர் ஓட்டையிலிருந்து கேபிளை ஓர் அங்குலம் வெளியே இழுத்துப் பாருங்கள். ஏழு, எட்டு இழை கேபிளைப் போட்டுவிட்டு, தேவைப்படாதவற்றைப் பின்னால் மடக்கி விட்டிருப்பார்கள். பெரும்பாலும் நீல இழை அப்படிச் சும்மா கிடக்கும். அதே நிற இழையை ஏர் ஹேண்ட்லர் பக்கமும் தேடி, போர்டில் ‘சி’ என்று எழுதிய முனையில் மாட்டுங்கள். அந்த முனையில் வெளி யூனிட்டுக்குப் போகும் வயர் ஏற்கெனவே இருக்கும். அதை எடுத்துவிடக் கூடாது, இரண்டும் ஒரே திருகின் கீழ் இருக்க வேண்டும்.

உபரி இழையே இல்லையென்றால் 18 கேஜ், எட்டு இழை கேபிள் புதிதாக இழுப்பதுதான் நல்ல தீர்வு. ‘ஜி’ இழையை ‘சி’யாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு குறுக்குவழி உலவுகிறது. அது வேலை செய்யும், ஆனால் ஏர் ஹேண்ட்லரில் ‘ஒய்’க்கும் ‘ஜி’க்கும் இடையே ஒரு துண்டு வயர் போட்டால்தான். அதை மறந்தால் கம்ப்ரஸர் ஓடும், விசிறி ஓடாது. கோடையில் ஏர் ஹேண்ட்லருக்குள் உள்ள ‘காயில்’ (குளிர்வாயு ஓடும் குழாய்ச்சுருள்) பனிக்கட்டியாக உறையும், குளிர்காலத்தில் அழுத்தம் ஏறி யூனிட் தானே நின்றுவிடும். விசிறியை மட்டும் தனியே ஓட்டும் வசதியும் போய்விடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைச் செய்யுங்கள்.

கழற்றுவதற்கு முன் பழையதைப் படம் எடுங்கள். ஒவ்வொரு இழையிலும் அது இருந்த முனையின் எழுத்தை எழுதி ஒட்டுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு ‘ஆர்’, மஞ்சள் ‘ஒய்’, பச்சை ‘ஜி’, ஆரஞ்சு ‘ஓ’ என்பது வழக்கமே தவிர விதியல்ல. முன்பு வேலை செய்தவர் கையில் என்ன இருந்ததோ அதை மாட்டியிருப்பார். சந்தேகம் வந்தால் ஏர் ஹேண்ட்லர் போர்டில் எந்த நிறம் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கடைசித் தீர்ப்பு அங்கேதான். இழை நுனியை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சீவி, நேராக நுழைத்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் பிடிக்கவில்லை. சுவர் ஓட்டையைப் ‘புட்டி’ வைத்து அடைத்துவிடுங்கள். சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று தெர்மோஸ்டாட்டின் முதுகில் பட்டால் அறை வெப்பத்தைத் தப்பாகவே காட்டும்.

‘இ’ (எமர்ஜென்சி ஹீட்) முனைக்கு உங்களிடம் வயர் இல்லை. புதுத் தெர்மோஸ்டாட்டில் ‘இ’யும் ‘டபிள்யூ2’வும் தனித்தனி முனையாக இருந்தால், இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். இல்லாவிட்டால் கம்ப்ரஸர் பழுதாகும் நாளில் ‘எமர்ஜென்சி ஹீட்’ பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

மின்சாரம் கொடுத்ததும் கம்ப்ரஸர் உடனே கிளம்பவில்லை என்று பதற வேண்டாம். ஐந்து நிமிடத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது.

கேள்வி: புதுத் தெர்மோஸ்டாட் மாட்டினோம். ஹீட் வைத்தால் குளிர்காற்று, கூல் வைத்தால் சூடு. வயரை மாற்றிப் போட வேண்டுமா?
– வாசகி, ரிச்மண்ட், வர்ஜீனியா

பதில்: வயரைத் தொட வேண்டாம், அமைப்புகளுக்குள் போய் ‘ஓ/பி’ என்ற இடத்தைப் பாருங்கள். ரிவர்சிங் வால்வுக்கு மின்சாரம் குளிரூட்டும்போது வேண்டும் என்றால் ‘ஓ’, சூடேற்றும்போது வேண்டும் என்றால் ‘பி’. கேரியர், லெனாக்ஸ், குட்மேன் போன்றவை ‘ஓ’ வகை. ரீம், ரூட் பெயர் போட்ட யூனிட் என்றால் பொதுவாக ‘பி’. உங்கள் தெர்மோஸ்டாட் ஒன்றை நினைக்கிறது, யூனிட் மற்றொன்று. மாற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய டிரேன் யூனிட்டுகளில் ‘பி’ என்று எழுதிய முனை வால்வுக்கானதல்ல, அதுதான் ‘சி’. பழைய தெர்மோஸ்டாட்டில் ‘ஓ’, ‘பி’ இரண்டிலும் வயர் இருந்தால், இரண்டும் வால்வுதானே என்று முறுக்கிப் புதியதன் ‘ஓ/பி’யில் செருகிவிடுகிறார்கள். தெர்மோஸ்டாட் வால்வைத் திருப்பும் கணத்தில் ‘ஆர்’ நேராக ‘சி’யில் மோதும், ஃபியூஸ் போகும். அந்த வீட்டில் ‘ஓ’ வயர் ‘ஓ/பி’க்கும், ‘பி’ வயர் ‘சி’க்கும் போக வேண்டும். ஏர் ஹேண்ட்லர் பக்கம் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு மாட்டுங்கள்.

கேள்வி: போன நவம்பரில் தெர்மோஸ்டாட் மாற்றினோம். வீடு நன்றாகவே சூடானது. ஆனால் கரண்ட் பில் இரண்டு மடங்குக்கு மேல். இப்போது முதல் வெயில் நாளில் ஏசி போட்டால் சூடான காற்று வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், அட்லாண்டா

பதில்: உண்டு. உங்கள் தெர்மோஸ்டாட் இது ஹீட் பம்ப் வீடு என்பதையே அறியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

துணை ஹீட்டருக்குப் போகும் வெள்ளை வயரை ‘டபிள்யூ2’ (அல்லது ‘ஆக்ஸ்’) முனையில் போடாமல் ‘டபிள்யூ1’இல் செருகியிருப்பார்கள், தெர்மோஸ்டாட்டும் சாதாரண ஃபர்னஸ் (சூடேற்ற மட்டுமே தெரிந்த உலை) என்று முடிவு கட்டியிருக்கும். அந்த முறையில் சூடு வேண்டும் என்றால் ‘டபிள்யூ1’ மட்டும்தான் இயங்கும். குளிர்காலம் முழுக்க வெளி யூனிட் தூங்க, கம்பிச்சுருள் மட்டுமே வீட்டைச் சூடாக்கியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 10 கிலோவாட் சூட்டுக்குக் கம்பிச்சுருள் மணிக்கு 10 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் தின்னும். 8 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒரு 3 டன் ஹீட் பம்ப் அதே சூட்டை ஏறத்தாழ 3 யூனிட்டில் தரும். காற்றைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பு.

இனி கோடை. குளிர்ச்சி கேட்டால் ‘ஒய்’ மட்டும் இயங்கும், ‘ஓ’வுக்கு மின்சாரம் போகாது. ‘ஓ’ வகை வால்வு மின்சாரம் இல்லாதபோது சூடேற்றும் நிலையில் இருக்கும். ஆகவே ஏசி கேட்ட உங்களுக்கு ஹீட்டர் கிடைத்தது. வெள்ளையை ‘டபிள்யூ2’க்கு மாற்றி, ஆரஞ்சு ‘ஓ/பி’யில் இருப்பதைப் பார்த்து, அமைப்பில் ‘ஹீட் பம்ப், துணை ஹீட் மின்சாரம்’ என்று தேர்ந்தெடுங்கள். பிறகு ஹீட்டை அறை வெப்பத்தைவிட ஒரு டிகிரி மட்டும் கூட்டி வைத்துவிட்டு வெளியே போய் யூனிட் ஓடுகிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் மாற்றிய எல்லோருமே இந்த ஒரு நடையைப் போட்டால் நல்லது.

வயர் சரியான பிறகும் பில் குறையாவிட்டால் பழக்கத்தைப் பாருங்கள். இரவில் எட்டு டிகிரி ஃபாரன்ஹீட் இறக்கி, காலையில் ஒரேயடியாக ஏற்றினால், ஹீட் பம்ப் தாமதிக்கிறது என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் கம்பிச்சுருளை எழுப்பிவிடும். இரவு மிச்சம் பிடித்தது காலை ஒரு மணி நேரத்தில் போய்விடும். இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும்போது துணை ஹீட் வரக் கூடாது என்று பூட்டும் வசதி பல தெர்மோஸ்டாட்டில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களிடம் முன்பிருந்த கேஸ் ஃபர்னஸ் அப்படியே இருக்க, ஏசிக்குப் பதிலாக ஹீட் பம்ப் பூட்டித் தந்தார்கள். கடுங்குளிர் நாட்களில் ஹீட் பம்ப் அடிக்கடி தானாக நின்று பிழை காட்டுகிறது. எந்த வெப்பநிலையில் கேஸுக்கு மாறுவது இலாபம்?
– வாசகர், ஏஜாக்ஸ், ஒன்ராறியோ

பதில்: முதலில் பிழை. உங்கள் வீட்டில் ஹீட் பம்ப்பின் காயில் ஃபர்னஸுக்குப் பிறகு, சூடான காற்று வெளியேறும் பக்கம் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஃபர்னஸின் சூடு காயிலைத் தாக்கும். குளிர்வாயுவால் தன் சூட்டை இறக்கிவைக்க முடியாது. அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். தெர்மோஸ்டாட்டில் துணை ஹீட் ‘மின்சாரம்’ என்று இருந்தால் இதுதான் நடக்கும், ஏனென்றால் கம்பிச்சுருள் உள்ள வீட்டில் இரண்டும் சேர்ந்து ஓடுவதுதான் முறை. அதை ‘கேஸ்’ அல்லது ‘இரட்டை எரிபொருள்’ என்று மாற்றுங்கள். வெளி வெப்பநிலை தெரிய உணரி வயரோ இணையத் தொடர்போ வேண்டும். அதன் பிறகும் பிழை வந்தால் வயர் விஷயமில்லை, குளிர்வாயு வேலைக்கு உரிமம் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இலாபக் கணக்கு கடினமில்லை. ஒரு கன மீட்டர் கேஸிலிருந்து நல்ல ஃபர்னஸ் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி சூடு தரும். உங்கள் கேஸ் பில்லில் எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டர் 50 சதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் சூடு 5 சதம். மின்சாரம் 12 சதம் என்றால், ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.4 யூனிட் சூடு தரும் வரைக்கும் அதுவே மலிவு. உங்கள் மாடலின் அட்டவணையில் அந்த 2.4 எந்த வெப்பநிலையில் வருகிறது என்று பாருங்கள். அதுதான் மாறும் புள்ளி. இந்த விலைகள் உதாரணத்துக்கு. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக் கணக்கிடுங்கள். இரவு 11 முதல் காலை 7 வரை மலிவாகத் தரும் கட்டணத் திட்டத்தில் இருந்தால் அந்த நேரத்தில் ஹீட் பம்ப்பே வெல்லும். ஆனால் அதே திட்டத்தில் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை உச்சத்தில் இருக்கும், அப்போது கேஸ்.

கேள்வி: சுவரில் பூட்டிய சிறிய ஹீட் பம்ப் ஒன்றும், ஒவ்வோர் அறையிலும் பேஸ்போர்ட் ஹீட்டரும் (சுவரடியில் பூட்டிய மின் ஹீட்டர்) இருக்கின்றன. பேஸ்போர்டுக்கு வைஃபை தெர்மோஸ்டாட் வாங்கலாமா?
– வாசகி, மொன்றியல்

பதில்: வாங்கலாம், ஆனால் மேலே பேசிய தெர்மோஸ்டாட் எதுவும் உங்களுக்கு ஆகாது. பேஸ்போர்டின் தெர்மோஸ்டாட்டில் ஓடுவது 240 வோல்ட். பின்னால் தடித்த வயர்கள் இரண்டோ நான்கோ, தொப்பி போட்டு முறுக்கி இருக்கும். 24 வோல்ட் பெட்டியை அதில் மாட்டினால் தீப்பிடிக்கும். ‘லைன் வோல்டேஜ்’ வகையைக் கேளுங்கள். அந்தச் சுற்றில் உள்ள ஹீட்டர்களின் வாட்டைக் கூட்டி, அதைத் தாங்கும் அளவு வாங்குங்கள். 4000 வாட் வகை பரவலாகக் கிடைக்கும். இந்த 240 வோல்ட் வேலையை மின்பணியாளரிடம் விடுங்கள். பேஸ்போர்டை ஹீட் பம்ப்பைவிட இரண்டு டிகிரி செல்சியஸ் குறைவாக வையுங்கள். இல்லையென்றால் மலிவான யூனிட் சும்மா நிற்க, செலவாளி வேலை செய்யும்.

கேள்வி: மாட்டி முடித்தேன். திரை இருட்டாகவே இருக்கிறது.
– வாசகர், நாஷ்வில்

பதில்: ஏர் ஹேண்ட்லர் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மூடியை உணரும் சுவிட்ச் சில யூனிட்டுகளில் உண்டு. அடுத்து போர்டில் உள்ள ஃபியூஸ். கார் ஃபியூஸ் போலவே தட்டையாக இருக்கும். ஊதா என்றால் 3 ஆம்ப், வெளிர் பழுப்பு என்றால் 5. அதே அளவைத்தான் போட வேண்டும். மீட்டரை மாறுமின்சாரத்தில் வைத்து ‘ஆர்’, ‘சி’ இடையே பார்த்தால் 24 முதல் 28 வரை காட்ட வேண்டும். போட்ட ஃபியூஸ் மறுபடி போனால் மூன்றாவது ஃபியூஸ் வாங்காமல், தெர்மோஸ்டாட் பக்கம் தாமிரம் அதிகம் வெளியே தெரியும் இழையைத் தேடுங்கள். அங்கே சரியாக இருந்தால் வெளி யூனிட்டுக்குப் போகும் கேபிள். புல்வெட்டி அறுத்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம்.

கேள்வி: பழைய தெர்மோஸ்டாட்டில் ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ என்று நான்கே வயர். எதை எங்கே மாட்டுவது?
– வாசகர், டர்ஹம், வட கரோலினா

பதில்: மாட்டாதீர்கள். அது கேரியர் இன்ஃபினிட்டி போன்ற, யூனிட்டும் தெர்மோஸ்டாட்டும் தரவு மொழியில் பேசிக்கொள்ளும் அமைப்பு. ‘ஏ’யும் ‘பி’யும் செய்தி, ‘சி’யும் ‘டி’யும் மின்சாரம். அந்த நிறுவனத்தின் தெர்மோஸ்டாட்டையே மறுபடி வாங்குங்கள்.

கேள்வி: கழற்றிய வட்டத் தெர்மோஸ்டாட்டுக்குள் வெள்ளி நிறத் திரவம் ஆடுகிறது.
– வாசகி, மொன்றியல்

பதில்: பாதரசம். கண்ணாடிக் குமிழை உடைக்காமல், நிமிர்த்தி ஒரு டப்பாவில் வைத்து, உங்கள் நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.